வாங்கிய விலையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொத்தை அளப்பது

நாவலூரில் ஓர் அடுக்குமாடி வீடு, கூடுவாஞ்சேரியில் அரை கிரவுண்டு மனை, திண்டுக்கல்லில் அப்பா வழியில் வந்த ஒரு கடை என்று எங்கள் குடும்பத்துக்கு மூன்று சொத்துகள் இருந்தன. நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற பிறகு, இந்த மூன்றும் எங்களுக்கு உண்மையில் என்ன தருகின்றன என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நான் வேலை பார்த்தது கணக்குப் பிரிவில் என்பதால் வரவு செலவு ரசீதுகளை ஆண்டுவாரியாக எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கணக்கின் முடிவில் ஒரு சொத்தை விற்றோம், ஒன்றைச் செப்பனிட்டோம், ஒன்றை அப்படியே வைத்திருக்கிறோம். நாங்கள் கணக்கிட்ட முறை, சொத்து வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

சொத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசும்போது இரண்டு எண்களை மட்டும்தான் சொல்வோம்: அன்று வாங்கிய விலை, இன்று கேட்கிற விலை. இடையில் எத்தனை ஆண்டுகள் போயின, எவ்வளவு செலவானது, எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்பவை அந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஒரு சொத்தின் செயல்பாட்டை அளக்க வேண்டுமானால், உள்ளே போன ஒவ்வொரு ரூபாயையும் வெளியே வந்த ஒவ்வொரு ரூபாயையும் தேதியுடன் எழுத வேண்டும். வாடகை வருமானத்தை, வாங்கிய விலையோடு ஒப்பிடாமல், இன்று விற்றால் கைக்கு வரக்கூடிய தொகையோடு ஒப்பிட வேண்டும். ஏனென்றால் நம்முடைய பணம் இன்று அந்தத் தொகையாகத்தான் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. பழைய விலை பத்திரத்தில் மட்டும்தான் இருக்கிறது.

நாவலூர் வீட்டை 2012இல் வாங்கினோம். பத்திரச் செலவு, சேவை வரி, மின் இணைப்பு வைப்புத்தொகை, மர வேலை எல்லாம் சேர்த்து 47 லட்சம் ஆயிற்று. கடைசியாக வந்த வாடகை மாதம் 22,000 ரூபாய். ஆண்டுக்கு 2,64,000 என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாவலூர் இருக்கும் ஓஎம்ஆர் என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் மென்பொருள் நிறுவன ஊழியர்கள். வேலை மாறினால் வீடும் மாறும். ஆகவே சராசரியாக ஆண்டுக்கு ஒரு மாத வாடகை இல்லாமல் போகும் என்று எடுத்துக்கொண்டோம், அது 22,000. அந்த மாதத்தின் பராமரிப்புக் கட்டணம் 3,500 நம் தலையில். சொத்து வரி 7,000. புரோக்கர் கமிஷனை ஆண்டுகளுக்குப் பிரித்தால் 8,000. பெயின்ட், குழாய், குளியலறைக் கசிவு ஆகியவற்றின் சராசரி 30,000. லிஃப்ட் மாற்றுவது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சீரமைப்பது என்று சங்கம் அவ்வப்போது கேட்கும் சிறப்பு வசூல் 10,000. மொத்தம் 80,500 கழிந்தால் மிச்சம் 1,83,500 ரூபாய். வீட்டை அப்போது 68 லட்சத்துக்குக் கேட்டார்கள். அந்தத் தொகைக்கு இது 2.7 சதவீதம்.

வருமான வரியையும் பார்க்க வேண்டும். வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை நிலையான கழிவாகச் சட்டமே தருகிறது. நாம் பழுதுபார்ப்புக்கு அதைவிட அதிகம் செலவழித்தாலும் குறைவாகச் செலவழித்தாலும் கழிவு அதே 30 சதவீதம்தான். ஆகவே 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு, செஸ் என்னும் கூடுதல் வரியும் சேர்த்து, இந்த வாடகைக்கு ஏறக்குறைய 34,000 ரூபாய் வரி வரும். எல்லாம் போக 2.2 சதவீதம் கையில் நிற்கிறது.

"விலை ஏறுகிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 47 லட்சம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்து 68 லட்சம் ஆகியிருக்கிறது என்றால், கூட்டு வட்டிக் கணக்கில் அது ஆண்டுக்கு மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் வரும். எக்செல் தாளில் ஒரு பத்தியில் தேதியையும் அடுத்த பத்தியில் தொகையையும் இட்டு, செலவுக்குக் கழித்தல் குறி போட்டு, எக்ஸ்ஐஆர்ஆர் என்ற சூத்திரத்தைக் கொடுத்தால் வாடகை, செலவு, விலையேற்றம் எல்லாம் சேர்ந்த ஒரே ஆண்டு விகிதம் கிடைத்துவிடும். இந்த வீட்டுக்காக வாங்கியிருந்த கடனை ஒதுக்கிவிட்டு, முழுப் பணமும் கையிலிருந்து போனதாக வைத்துப் பார்த்தபோது எங்களுக்குக் கிடைத்தது ஆறு சதவீதத்தை ஒட்டிய எண்.

அந்த ஆறு சதவீதத்தைக் கடனோடு சேர்த்துப் பார்ப்பது இன்னும் முக்கியம். சொத்து மொத்தமாக ஆறு சதவீதம் தரும்போது அதற்காக வாங்கிய கடனின் வட்டி எட்டு முதல் பத்து சதவீதமாக இருந்தால், கடனாக வந்த ஒவ்வொரு ரூபாயும் நம் சேமிப்பைத்தான் அரிக்கும். வரிச் சலுகை அதைச் சரிக்கட்டும் என்று எண்ணுபவர்கள் இரண்டு விதிகளைக் கவனிக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியால் வரும் நட்டத்தைச் சம்பளம் போன்ற பிற வருமானத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் கழிக்கலாம் என்ற வரம்பு 2017-18 முதல் இருக்கிறது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவும் இல்லை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது, வங்கிகள் பலரது மாதத் தவணையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டின. தவணை மாறாததால் பலரும் அதைக் கவனிக்கவே இல்லை. ஓய்வுக்காலப் பணம் வந்ததும் நாங்கள் முதலில் செய்தது எங்கள் வீட்டுக் கடனை அடைத்ததுதான்.

இந்த வீட்டின் விலை ஏன் மெதுவாக ஏறியது என்பதற்குக் காரணம் பத்திரத்திலேயே இருக்கிறது. வீட்டின் பரப்பு 980 சதுர அடி என்றாலும், எங்களுக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது எல்லோரும் யூடிஎஸ் என்று சொல்வது, அதில் பாதிகூட இல்லை. உயரமான கட்டடத்தில் நிறைய வீடுகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் நிலம் குறைவாகத்தான் வரும். காலப்போக்கில் விலை ஏறுவது நிலம். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய வீடுகளுக்குப் பெரும் விலை கிடைப்பது, இரண்டு மாடிக் கட்டடத்தில் ஒவ்வொருவருக்கும் பங்கு நிலம் தாராளமாக இருப்பதால்தான். அடுக்குமாடி வீடு வைத்திருப்பவர்கள், சதுர அடி விலையைக் கேட்பதற்கு முன்னால், தங்கள் பத்திரத்தில் பங்கு நிலம் எத்தனை சதுர அடி என்று பார்த்து, அதை அந்தப் பகுதியின் மனை விலையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். விலையில் எவ்வளவு நிலம், எவ்வளவு கட்டடம் என்று அப்போது தெளிவாகும்.

தண்ணீரும் வருமானக் கணக்கில் ஒரு பெரிய புள்ளி. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது எங்கள் குடியிருப்பு முழுக்க லாரித் தண்ணீரை நம்பி நின்றது. பராமரிப்புக் கட்டணம் ஏறியது. குடியிருந்த குடும்பம், "மேடம், வாடகை பரவாயில்ல, தண்ணிக்குத் தனியா இவ்வளவு குடுக்க முடியல" என்று சொல்லிவிட்டுக் காலி செய்தது. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்து எல்லோரும் சொந்த ஊரிலிருந்து வேலை பார்க்கப் போனதால், வீடு ஏறக்குறைய முக்கால் ஆண்டு பூட்டிக் கிடந்தது. ஒரே தொழிலை நம்பிய பகுதியில் வாடகைக்கு ஆள் கிடைப்பது அந்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்தோடு கட்டுண்டிருக்கிறது. வீடு வாங்கும் முன் அந்தத் தெருவில் எத்தனை 'வாடகைக்கு' பலகைகள் தொங்குகின்றன என்று பார்ப்பது, எந்த விளம்பரத்தைப் படிப்பதைவிடவும் பயனுள்ளது.

இன்றைய விலையை எப்படித் தெரிந்துகொள்வது என்று பலர் கேட்கிறார்கள். புரோக்கர் சொல்வது கேட்கும் விலை. அரசின் வழிகாட்டி மதிப்பு, பதிவுக் கட்டணத்துக்கான அடிப்படை. அதைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள முடியாது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். சந்தை அப்படிக் குறைந்து ஏறவில்லை. நான் செய்வது, பதிவுத்துறையின் இணையதளத்தில் பக்கத்துச் சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது. அதில் ஒவ்வொரு கிரயத்துக்கும் கைமாற்றுத் தொகை, அதாவது பத்திரத்தில் காட்டிய விற்பனை விலை போட்டிருக்கும். மனைகளில் அது வழிகாட்டி மதிப்பை ஒட்டிக் குறைவாகக் காட்டப்படுவது உண்டு. ஆனால் வங்கிக் கடனோடு நடந்த அடுக்குமாடி விற்பனைகளில் பெரும்பாலும் உண்மை விலையின் அருகில் இருக்கும். கிரயத்துக்கு அடுத்த வரியிலேயே வங்கியின் அடமானப் பதிவு இருப்பதைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு எங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கையில் இன்று 68 லட்சம் ரொக்கமாக இருந்தால் இதே வீட்டை வாங்குவோமா? இருவருமே மாட்டோம் என்றோம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ அந்தச் சாலையில் வந்துகொண்டிருக்கிறது, பொறுத்திருங்கள் என்று உறவினர்கள் எடுத்துச் சொன்னார்கள். மெட்ரோ வருவது ஊரறிந்த செய்தி. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் அது தெரிந்திருப்பதால் அந்த எதிர்பார்ப்பின் பெரும்பகுதி இன்றைய விலையிலேயே ஏறியிருக்கிறது என்பது என் கருத்து.

2025 பிப்ரவரியில் விற்றோம். விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்கியவர் ஒரு சதவீதம், அதாவது 68,000 ரூபாயை வருமான வரிக்காகப் பிடித்தம் செய்து எங்கள் பான் எண்களில் கட்டினார். விற்பனை லாபத்துக்கான மூலதன ஆதாய வரியில் ஒரு தெரிவு இருக்கிறது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்தை இந்தியாவில் வசிக்கும் தனிநபர் அதன் பிறகு நீண்டகாலச் சொத்தாக விற்றால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கணக்கிடும் சரிசெய்தல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிசெய்தலோடு 20 சதவீதம் ஆகிய இரண்டில் குறைவாக வரும் வரியைக் கட்டினால் போதும். பணவீக்கக் குறியீடு 2012-13இல் 200; 2024-25இல் 363. எங்கள் 47 லட்சத்தை அந்த விகிதத்தில் பெருக்கினால் 85 லட்சத்தைத் தாண்டுகிறது. விற்றது 68 லட்சத்துக்கு என்பதால் வரி எதுவும் இல்லை. பிடித்தம் செய்த தொகையையும் கணக்குத் தாக்கல் செய்து திரும்பக் கேட்கலாம்.

வரி இல்லை என்றதும் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த எண் வேறொன்றைச் சொன்னது. அந்தக் குறியீடு நுகர்வோர் விலை உயர்வில் 75 சதவீதத்தை மட்டுமே எடுத்துக்கொள்வது. அதற்கே ஈடுகொடுக்க முடியாத வீடு, பன்னிரண்டு ஆண்டுகளில் வாங்கும் திறனை இழந்திருக்கிறது என்று பொருள். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால், வந்த பணத்தில் ஆளுக்கு 30 லட்சம் வீதம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். அப்போது வட்டி 8.2 சதவீதம், இருவருக்கும் சேர்த்துக் காலாண்டுக்கு 1,23,000 ரூபாய். இந்த வட்டிக்கு முழுமையாக வரி உண்டு, முதல் வளராது என்பவற்றையும் சேர்த்தே எடைபோட்டோம். எங்கள் வயதில் தவறாமல் கைக்கு வரும் பணத்துக்குக் கூடுதல் மதிப்பு இருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்காரர் வேறு முடிவுக்கு வரலாம்.

கூடுவாஞ்சேரி மனையின் கதை இதற்கு நேர்மாறானது. 2008இல் சதுர அடி 500 ரூபாய் வீதம் 1,200 சதுர அடியை 6 லட்சத்துக்கு வாங்கினோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 இறுதியில் திறந்த பிறகு 40 லட்சம் வரை கேட்கிறார்கள். எக்ஸ்ஐஆர்ஆர் போட்டால் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அது ஒரு ரூபாய் வருமானம் தரவில்லை. மேலும், அது அந்தக் காலத்தில் பரவலாக விற்ற 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை, அதாவது ஊராட்சியின் ஒப்புதல் மட்டும் இருந்து நகரமைப்புத் துறையின் அங்கீகாரம் இல்லாதது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, விலை என்னவாக இருந்தாலும் விற்க முடியாத நிலை வந்தது. 2017இல் அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டி ஆணை வாங்கிய பிறகுதான் அது மறுபடி விற்கக்கூடிய பொருளாயிற்று. தேவைப்படும் நாளில் விற்க முடியுமா என்பதை எந்த விகிதமும் காட்டாது. அதைத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

காலி மனையை நிர்வகிப்பது என்பது பெரும்பாலும் காவல் காப்பதுதான். பட்டாவைச் சொந்தப் பெயருக்கு மாற்றி, எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தை வைத்து நில அளவையரைக் கொண்டு அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, கம்பி வேலி போட்டோம். ஒரு மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது தென்கிழக்கு மூலைக் கல், பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியவர்களால் முக்கால் அடி நகர்ந்திருந்தது. அளந்த படம் கையில் இருந்ததால் அந்த மேஸ்திரியிடமே காட்டி அன்றே பழைய இடத்தில் நட வைக்க முடிந்தது. அங்கே சுவர் எழும்பிய பிறகு போயிருந்தால் அது வழக்காகியிருக்கும். ஆண்டுக்கொரு முறை வில்லங்கச் சான்று எடுத்து, நம் பெயருக்குப் பிறகு யாரும் எதுவும் பதியவில்லை என்று உறுதி செய்துகொள்வதும் இந்தக் காவலில் சேரும். மனையை இன்று விற்றால், வாங்கிய விலையை மட்டும் வைத்து 2024-25 குறியீட்டில் பார்க்கும்போது, சரிசெய்தலோடு 20 சதவீதம் 4.8 லட்சமும், சரிசெய்யாமல் 12.5 சதவீதம் 4.25 லட்சமும் வருகிறது. வேகமாக ஏறிய சொத்துக்கு ஒரு வழி, மெதுவாக ஏறியதற்கு மற்றொன்று என்பதால் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் விற்பனை விலையைப் பேசக்கூடாது. மகள் அங்கே வீடு கட்டலாமா என்று யோசிப்பதால் இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

திண்டுக்கல் கடையைப் பொறுத்தவரை எல்லோரும் சொன்னது, "அது சும்மா வந்தது, வர்ற வாடகை எல்லாம் லாபம்தானே" என்பதுதான். பூர்வீகச் சொத்துக்கு வாங்கிய விலையே இல்லாததால் அதை யாரும் அளப்பதில்லை. ஆனால் 35 லட்சம் பெறும் கடை, 35 லட்சத்துக்கான வருமானத்தைத் தரவேண்டும். மாதம் 15,000 வாடகையில் சொத்து வரி, சில்லறைப் பழுது என்று ஆண்டுக்கு 21,000 கழித்தால் 1,59,000, நான்கரை சதவீதம். கடைக்காரர் ஊர் விட்டுப் போகாதவர், வாடகையை ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிடுபவர். அதனால் காலி மாதம் என்பதே கணக்கில் இல்லை. பத்து மாத வாடகையை அப்பா காலத்திலிருந்தே அட்வான்ஸாக வாங்கியிருந்தோம். அது திருப்பித் தர வேண்டிய கடன் என்பதால் தனி வைப்புநிதியாக வைத்திருக்கிறோம்.

பக்கத்துக் கடைகளின் வாடகை ஏறியிருந்ததால் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் பேசப் போனேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "அக்கா, வாடகையைக் கூட்டுங்க, நான் வேண்டாங்கல. கழிவறை இல்லாததால பொண்ணுங்க யாரும் வேலைக்கு நிக்க மாட்டேங்குறாங்க. மழைக்கு ஷட்டர் அடியில தண்ணி வருது, துணியெல்லாம் ஈரமாகுது. அதை மட்டும் செஞ்சு குடுத்துருங்க." பின்பக்கச் சந்தில் கழிவறை, புது ஷட்டர், வாசல் படியை உயர்த்துவது என்று 1,50,000 ரூபாய் செலவானது. வாடகை 17,500 ஆயிற்று. செலவழித்த தொகைக்கு ஆண்டுக்கு 30,000, அதாவது 20 சதவீதம் வருகிறது. கடையின் நிகர வருமானமும் 5.4 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது. நாவலூர் வீட்டில் புரோக்கர் சொன்ன மாடுலர் சமையலறைக்கு 1,60,000 ஆகும், வாடகை ஆயிரம் ரூபாய் கூடும் என்றார்கள். அது ஏழரை சதவீதம்தான். பத்து ஆண்டில் பலகை உப்பிப்போகும் என்பதையும் சேர்த்தால் போட்ட பணமே திரும்பாது. அதைச் செய்யாமலே விட்டோம். குடியிருப்பவர் கேட்கிற பழுதுக்கும், புரோக்கர் சொல்கிற அலங்காரத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த விகிதத்தில் தெரிந்துவிடுகிறது.

கடையின் புதிய ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்கிறோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உயர்வு எவ்வளவு என்பதும், எந்தப் பழுது யாருடையது என்பதும் அதிலேயே இருக்கின்றன. சொத்து வரியை ஒவ்வோர் அரையாண்டிலும் முதல் மாதத்துக்குள் கட்டி ஐந்து சதவீத ஊக்கத்தொகையைப் பெற்றுக்கொள்கிறோம். மேல்தளம் எழுப்பி அலுவலகத்துக்கு விடலாம் என்று ஒரு பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். அந்தத் தெருவில் மாடிக் கடைகள் பாதிக்கு மேல் பூட்டியே இருப்பதைப் பார்த்தோம். கட்டுமானச் செலவுக்கு ஆண்டுக்கு எட்டு சதவீதமாவது வரும் அளவுக்கு வாடகை தர ஒருவர் கேட்டு வரும்வரை அந்த வரைபடத்துக்கு அனுமதி கோருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.